கறுப்பும் நியானும் போதாது: கேமிங் வெப்சைட் டிசைன் செய்யப் போகிறவர்களுக்கு

குரோம்பேட்டையில் எம்ஐடி, பல்லாவரத்தில் வேல்ஸ், சேலையூரில் பாரத், மேற்குத் தாம்பரத்தில் சாய்ராம், வண்டலூரில் கிரசென்ட், கொஞ்சம் தள்ளிக் காட்டாங்கொளத்தூரில் எஸ்ஆர்எம். சென்னையின் தெற்கே ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய இந்த வட்டாரத்திலிருந்து வருஷா வருஷம் வெளியே வருகிறவர்களில் யுஐ டிசைன் பக்கம் திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்களில் கேம் ஆடாதவர் குறைவு. அதனால் போர்ட்ஃபோலியோவில் ஒரு கேமிங் வெப்சைட் இருந்தே தீரும். அது எப்படி இருக்கும் என்று திறக்காமலே சொல்லிவிடலாம். கறுப்புப் பின்னணி, ஊதா நியான் கோடுகள், நடுவில் ஹெல்மெட் போட்ட வீரன், கீழே ஒளிரும் ‘ப்ளே நவ்’.

மெப்ஸ் வளாகத்திலோ ஓஎம்ஆர் ஐடி கம்பெனியிலோ இன்டர்வியூ எடுப்பவர் அன்றைக்கே அதே கறுப்பு-ஊதாவைப் பலமுறை பார்த்திருப்பார். “ஏன் இந்த நிறம்?” என்று கேட்பார். “கேமிங்னா இப்படித்தானே சார்” என்று பதில் வந்தால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அந்த நாற்காலி. அந்தக் காரணங்களைத் தயார் செய்வது எப்படி என்று பார்ப்போம்.

1. தளத்துக்கு வருபவர் எதற்காக வருகிறார் என்று முதலில் ஒரு வரி எழுதுங்கள். கேமிங் வெப்சைட் என்பது ஒரே வகை அல்ல. டோர்னமென்ட் தளத்துக்கு வருகிற பையனுக்கு ஸ்லாட் இருக்கிறதா, மேட்ச் எத்தனை மணிக்கு, ரூம் ஐடி எங்கே என்ற மூன்றுதான் வேண்டும். ரிவ்யூ தளத்துக்கு வருபவர் பத்து நிமிஷம் உட்கார்ந்து படிப்பார். ஸ்டுடியோ பக்கத்துக்கு வருபவர் ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு விஷ்லிஸ்ட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். கேமிங் கஃபே தளத்துக்கு வருபவருக்கு மணிக்கு எவ்வளவு, எந்த சிஸ்டம் காலி என்று தெரிந்தால் போதும். படிக்க வந்தவருக்கு நியான் எதிரி. ஸ்லாட் தேடி வந்தவருக்கு முழுத்திரை வீடியோ எதிரி. இந்த ஒரு வரி எழுதாமல் ஃபிக்மாவைத் திறக்காதீர்கள்.

2. நிறத்தைக் கேமிலிருந்தே எடுங்கள். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’வைப் பாருங்கள். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. சிதைந்துபோன சமையல் குறிப்புகளைச் சரிசெய்து இட்லி, புட்டு, பிரியாணி என்று செய்துகொண்டே போகிற விளையாட்டு. 2024-ல் பாஃப்டாவின் ‘டெப்யூ கேம்’ விருது வாங்கியது. இதற்கு ஒரு லேண்டிங் பேஜ் செய்யச் சொன்னால் கறுப்பும் நியானும் எங்கே ஒட்டும்? மஞ்சள்தூள், வாழையிலை, பித்தளைப் பாத்திரம், ஜன்னலுக்கு வெளியே குளிர்கால வெளிச்சம் என்று கேமின் உலகத்திலேயே ஒரு பேலட் காத்திருக்கிறது. கேமின் ஸ்க்ரீன்ஷாட் ஐந்தாறை வரிசையாக வைத்து, திரும்பத் திரும்ப வருகிற மூன்று நிறங்களை எடுங்கள். பெரும்பகுதிக்கு ஒன்று, துணைக்கு ஒன்று, பட்டனுக்கு மட்டும் ஒன்று. பட்டன் நிறத்தை வேறு எங்கும் செலவழிக்கக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள்.

ஸ்டீம் ஸ்டோர் இன்னொரு பாடம். அதன் கருநீலப் பின்னணி தானாகக் கண்ணில் படாது. ஆயிரக்கணக்கான கேம்களின் அட்டைப்படங்கள் ஆளுக்கொரு நிறத்தில் கத்துகிற இடத்தில் தளம் அடங்கித்தான் இருக்க வேண்டும். பல கேம்களைப் பட்டியலிடும் தளமா, பின்னணி ஒதுங்கட்டும். ஒரே கேமுக்கான தளமா, பின்னணியும் சேர்ந்து பேசட்டும்.

3. கான்ட்ராஸ்ட் கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள். பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வெப் அணுகல்தன்மைக்கான சர்வதேச விதிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கான்ட்ராஸ்ட் கேட்கிறது. சுத்தமான பச்சையைக் கறுப்பின் மேல் வைத்தால் 15:1க்கு மேல் வரும், தாராளமாகப் படிக்கலாம். சுத்தச் சிவப்பு 5.25:1, தப்பிக்கும். சுத்த நீலம் 2.4:1தான், ஃபெயில். கறுப்புப் பின்னணியில் நீல லிங்க் போட்டுவிட்டு “யாருமே கிளிக் பண்ணலை” என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். சிவப்பு அணி, நீல அணி என்று பிரித்து நீலத்தின் மேல் சிவப்பு எழுத்துப் போட்டால் 2.15:1. அது எழுத்தே இல்லை, எரிச்சல்.

சென்னையில் கிளையன்ட் கட்டாயம் கேட்கும் ஒன்று உண்டு: “சிஎஸ்கே மஞ்சள் போடுங்க.” போடலாம், நல்ல நிறம். ஆனால் மஞ்சள் பட்டன் மேல் வெள்ளை எழுத்து வேண்டாம். சுத்த மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் கான்ட்ராஸ்ட் 1.07:1, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதே மஞ்சளில் கறுப்பு எழுத்து 19:1ஐத் தாண்டும். இந்த இரண்டு எண்ணையும் சொல்லி, இரண்டு பட்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கிளையன்ட் வாதாட மாட்டார், அடுத்த வேலைக்கும் உங்களையே கூப்பிடுவார்.

முழுக் கறுப்புக்குப் பதில் கூகுளின் மெட்டீரியல் டிசைன் பரிந்துரைத்தது #121212 என்கிற அடர்சாம்பல். அதன் மேல் வெள்ளை எழுத்து 18:1க்கு மேல் கிடைக்கும், கண்ணுக்கும் இதம். ஆனால் அதன் மேல் #222222 நிறத்தில் கார்டு வைத்தால் இரண்டுக்கும் நடுவே 1.2:1கூட இல்லை. உங்கள் லேப்டாப்பில் அழகாகத் தெரியும். மதியம் பன்னிரண்டு மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில், நடைமேடையின் கூரை முடிகிற இடத்தில் நின்று மொபைலில் திறந்து பாருங்கள். கார்டின் ஓரம் மறைந்து, திரை முழுக்க உங்கள் முகமும் பின்னால் மின்கம்பியும்தான் தெரியும். உங்கள் யூஸர் பீச் டிரெயினுக்குக் காத்திருக்கும்போது அங்கேதான் ஸ்லாட் புக் பண்ணுவார். கார்டுக்கு வெளிர் நிறத்தில் ஒரு மெல்லிய பார்டர் கொடுங்கள், அல்லது படத்தையே விளிம்பாக்குங்கள். பிறகு இரவில் விளக்கை அணைத்து, பிரைட்னஸைக் கடைசிவரை குறைத்து இன்னொரு முறை பாருங்கள். இரண்டிலும் தேறினால்தான் அது டார்க் தீம்.

வெற்றி பச்சை, தோல்வி சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பி விடாதீர்கள். இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களிடையே அதிகம். கேமிங் தளங்களுக்கு வருவதிலும் ஆண்கள் அதிகம். ஒரு சின்ன ஐகானோ ‘வெற்றி’ என்ற சொல்லோ சேர்த்தால் வேலை முடிந்தது.

4. மின்னல் எஃபெக்டில் ஜாக்கிரதை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு போகிமான் எபிசோடில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னின. பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் 600 பேருக்கு மேல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பது இன்றைய விதி. மொபைலில் அனிமேஷனைக் குறைத்து வைத்திருப்பவருக்கு உங்கள் தளமும் அடங்கிப்போக வேண்டும். சிஎஸ்எஸ்ஸில் அதற்குத் தனி வசதியே இருக்கிறது.

5. லேஅவுட்டை 360 பிக்ஸல் அகலத்தில் தொடங்குங்கள். டெஸ்க்டாப்பில் வரைந்து மொபைலுக்குச் சுருக்கினால், சுருக்கியது போலத்தான் இருக்கும். முதல் திரையில் கேமின் பெயர், ஒரு படம், ஒரு பட்டன். பட்டன் கட்டைவிரல் எட்டுகிற கீழ்ப்பாதியில் இருக்கட்டும். மேட்ச் அட்டவணையை ஏழு நெடுவரிசை டேபிளாக வைக்காதீர்கள். ஒரு மேட்ச், ஒரு கார்டு. நேரம் பெரிதாக, அணிப் பெயர் அடுத்து, மேப் பெயர் சின்னதாக.

முக்கியமான படம் 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். படத்துக்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்காவிட்டால் பேனர் தாமதமாக வந்து பட்டனைக் கீழே தள்ளும், விரல் விளம்பரத்தில் விழும். அந்த ஒரு தடவையிலேயே யூஸர் போய்விடுவார். ட்ரெய்லர் தானாக ஓட வேண்டாம். ஒருநாள் டேட்டா பேக்கில் வாழ்கிறவருடைய எம்பியை அவர் அனுமதியோடுதான் செலவழிக்க வேண்டும்.

6. தமிழ் எழுத்துக்கு இடம் விடுங்கள். இதில் உங்களுக்கு வெளியூர் டிசைனரைவிட இயல்பாகவே ஒரு அட்வான்டேஜ் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ‘ரிஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் போட்டு அளவெடுத்த பட்டனுக்குள் ‘பதிவு செய்யுங்கள்’ அடங்காது. வரி இடைவெளி 1.6ஆவது வேண்டும், இல்லாவிட்டால் மேல் வரியின் ‘ஞூ’வும் கீழ் வரியின் ‘கீ’யும் மோதும். அடர் பின்னணியில் மெலிந்த எழுத்து கசிந்து தெரியும். மீடியம் வெயிட் எடுங்கள். கேமிங் தளங்களில் ஆங்கிலத் தலைப்பை எல்லாம் கேப்பிட்டலில் போட்டு மிரட்டுவார்கள். தமிழில் கேப்பிட்டல் கிடையாது, அந்த அழுத்தத்தை அளவிலும் தடிமனிலும்தான் கொண்டுவர முடியும். தலைப்புக்கு பலூ தம்பி, பத்திகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர். எல்லாம் இலவசம், லைசென்ஸ் தலைவலி இல்லை.

7. ஒரே கேமின் நிறத்தோடு தளத்தைக் கட்டிப்போடாதீர்கள். ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பிஜிஎம்ஐ அதே வருஷம் ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. இங்கே ஒரு டோர்னமென்ட் தளம் ராத்திரியோடு ராத்திரியாக வேறு கேமுக்கு மாற வேண்டி வரலாம். நிறங்களுக்கு ‘மஞ்சள்-1’, ‘மஞ்சள்-2’ என்று பெயர் வைக்காமல் ‘முக்கியப் பட்டன்’, ‘கார்டு பின்னணி’, ‘எச்சரிக்கை’ என்று வேலையை வைத்துப் பெயர் கொடுங்கள். அடுத்த கேம் வந்தால் வேரியபிள் நான்கை மாற்றினால் தளம் தயார். ஃப்ரீலான்ஸராக இருந்தால் இதையே விற்பனைப் பேச்சாக்குங்கள்: “கேம் மாறினாலும் தளத்தைத் திரும்பக் கட்ட வேண்டாம் சார்.”

இன்னொன்று. காசு கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸை ஊக்குவிக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. காசு கேம்களுக்கு விளம்பரம் செய்வதும் குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். “சும்மா ஒரு பக்கம்தான் தம்பி, நல்ல பேமென்ட்” என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். நேர்மையான இ-ஸ்போர்ட்ஸ் கிளையன்ட்டின் தளத்திலும் தங்கக் காசு மழை, சுழலும் சக்கரம், பளபளக்கும் பச்சை ரூபாய் எல்லாம் வேண்டாம். ரம்மி தளத்தின் சாயல் விழுந்தாலே ஸ்பான்சர் பின்வாங்குவார். பரிசுத் தொகையை எழுத்தில் தெளிவாகப் போடுங்கள். நுழைவு இலவசமானால் அதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

8. இப்போது போர்ட்ஃபோலியோ. பத்து தளம் வேண்டாம், இரண்டு போதும். ஒன்று டோர்னமென்ட் தளம், இன்னொன்று ஸ்டுடியோ பக்கம். கிளையன்ட் இல்லையா? இட்ச்.ஐஓவில் கேம் வெளியிடுபவர் தன் பக்கத்தின் பின்னணி, எழுத்து, லிங்க் நிறங்களைத் தானே மாற்றிக்கொள்ளலாம். கேம் ஜாமில் கலந்துகொள்ளும் கல்லூரி நண்பரின் பக்கத்தை வாங்கிச் செய்து கொடுங்கள். காசு வராது, ஆனால் நிஜ யூஸர் வருவார், நிஜ லிங்க் கிடைக்கும்.

ஒவ்வொரு தளத்துக்கும் கேஸ் ஸ்டடி ஒரு பக்கம் எழுதுங்கள். வருபவர் யார் என்ற அந்த ஒரு வரி, பேலட் எங்கிருந்து வந்தது, கான்ட்ராஸ்ட் எண்கள், வெயிலில் எடுத்த போட்டோ, நீங்கள் கைவிட்ட ஒரு டிசைன், கைவிட்ட காரணம். இந்தக் கடைசி இரண்டையும் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. இன்டர்வியூவில் பேச்சு அங்கேதான் பிடிக்கும்.

ஃப்ரீலான்ஸுக்குக் கொட்டேஷன் போடும்போது பாதித் தொகையை அட்வான்ஸாக வாங்குங்கள், நிற மாற்றம் எத்தனை ரவுண்டு என்று எழுத்தில் போடுங்கள். டிசைன் ஆப்ஷன் இரண்டுக்கு மேல் காட்டாதீர்கள். ஐந்து காட்டினால் ஐந்தையும் கலந்து ஆறாவது கேட்பார். வேலைக்கு அப்ளை செய்யும் மெயிலில் பிடிஎஃப்போடு நிறுத்தாமல் மொபைலில் திறக்கும் லைவ் லிங்க்கை முதல் வரியிலேயே வையுங்கள். எச்ஆர் அதைத் திறப்பது பெரும்பாலும் போனில்தான், நீங்கள் 360 பிக்ஸலில் பட்ட பாடு அங்கேதான் தெரியும்.