மௌனம் சம்மதம் அன்று

நுழையும் முன்

'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்பது தமிழர் வழக்கு. பெரியோர் கூடிய அவையில் எவரும் மறுப்புக் கூறாவிடில், அனைவரும் உடன்பட்டனர் என்று கொள்வதுண்டு. கணினிகள் ஒன்றோடொன்று பேசும் உலகில் இவ்வழக்குச் செல்லாது. அங்கே மௌனத்திற்கு வேறு பொருள் உண்டு. அப்பொருளை உப்பல் வழியே செல்லும் மெட்ரோ தொடர்வண்டியைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

உப்பலில் ஒரு காலை

ஐதராபாத் மாநகரின் கிழக்குப் பகுதியில் உப்பல் அமைந்துள்ளது. நாகோலிலிருந்து ராயதுர்க்கம் செல்லும் மெட்ரோ பாதை, சாலைக்கு மேலே தூண்கள் தாங்கிய பாலத்தின் மீது இவ்வூரைக் கடக்கிறது. காலையில் கல்லூரிக்கும் அலுவலகத்திற்கும் செல்வோர் நடைமேடையில் நிற்கின்றனர். கோடை விடுமுறைக்குத் தமிழ்நாட்டிற்குப் புறப்படும் குடும்பங்களும் பெட்டிகளுடன் இவ்வண்டியில் ஏறிச் செகந்திராபாத் செல்கின்றன. ஒரு வண்டி புறப்பட்ட சில நிமிடங்களில் அதே தண்டவாளத்தில் அடுத்த வண்டி வந்து நிற்கிறது. முன்னே சென்ற வண்டி இப்போது எங்கே உள்ளது என்பதைப் பின்னே வரும் வண்டி எவ்வாறு அறிகிறது?

ஐதராபாத் மெட்ரோ 2017ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. நாகோலிலிருந்து அமீர்பேட்டை வழியாக மியாப்பூர் வரை 30 கிலோமீட்டர் தொலைவிற்கு முதலில் வண்டிகள் ஓடின. தரவுத் தொடர்பின் வழியே தொடர்வண்டிகளைக் கட்டுப்படுத்தும் 'சி.பி.டி.சி.' என்னும் முறை, இங்கே பயன்பாட்டில் உள்ளது. வண்டிகளின் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு மையம் உப்பல் பணிமனையில் உள்ளது.

பழைய முறையும் புதிய முறையும்

பழைய முறையில் தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்வரை வேறு வண்டி அதனுள் நுழையக் கூடாது. நுழைவிடத்தில் சிவப்பு விளக்கு எரியும். இம்முறை பாதுகாப்பானது, ஆயினும் ஒரு குறை உண்டு. வண்டி அப்பகுதிக்குள் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரியாது. எனவே வண்டிகளுக்கிடையே மிகுந்த இடைவெளி விடவேண்டும்.

புதிய முறையில் தொடர்வண்டியே தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கிறது. தண்டவாளத்தின் நெடுகிலும் சிறு அடையாளக் கருவிகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கடக்கும்போது வண்டியிலுள்ள கணினி தான் இருக்கும் இடத்தை அறிகிறது. இரண்டு கருவிகளுக்கு இடைப்பட்ட தொலைவைச் சக்கரச் சுழற்சியைக் கொண்டு கணக்கிடுகிறது. 'நான் இன்ன இடத்தில், இன்ன வேகத்தில் செல்கிறேன்' என்னும் செய்தியை ரேடியோ அலைகளின் வழியே பாதையோரக் கணினிக்கு இடைவிடாது அனுப்புகிறது. அக்கணினி முன்வண்டியின் இடத்தை நோக்கி, 'நீ இந்த எல்லைவரை செல்லலாம்' என்று மறுமொழி தருகிறது. முன்வண்டி நகர நகர, பின்வண்டிக்குரிய எல்லையும் நகர்கிறது. இதனால் குறைந்த இடைவெளியில் மிகுதியான வண்டிகளை இயக்க இயலுகிறது.

வலையமைப்பும் நெறிமுறையும்

இவ்வாறு கருவிகள் பல ஒன்றோடொன்று இணைந்து தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடே கணினி வலையமைப்பு எனப்படும். செய்தியை அனுப்புபவர், பெறுபவர், செய்தி, அது செல்லும் ஊடகம், இரு தரப்பினரும் ஏற்றுக்கொண்ட நெறிமுறை ஆகிய ஐந்தும் தரவுத் தொடர்பின் உறுப்புகள். மெட்ரோவில் வண்டிக் கணினியும் பாதையோரக் கணினியும் மாறிமாறி அனுப்புபவராகவும் பெறுபவராகவும் இருக்கின்றன. இருப்பிடமும் வேகமும் செய்தி. ரேடியோ அலை ஊடகம். செய்தி எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை வரவேண்டும், எவ்வடிவில் அமையவேண்டும், வராவிடில் என்ன செய்யவேண்டும் என்பவற்றை நெறிமுறை வகுக்கிறது.

இணையத்தின் வரலாறே ஒரு தடங்கலுடன்தான் தொடங்கியது. 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்திற்கு 'லாகின்' என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். அதன் முதல் இரண்டு எழுத்துகளான 'எல்', 'ஓ' சென்று சேர்ந்தன. அதற்குள் மறுமுனைக் கணினி செயலிழந்தது. சற்று நேரம் கழித்தே முழுச்சொல்லும் சென்றது. செய்தி இடைவழியில் தவறக்கூடும் என்பதை அறிவியலாளர் அன்றுமுதல் மறக்கவில்லை. வின்டன் செர்ப், இராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறையில், செய்தி சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பொதி வந்து சேர்ந்ததும் பெறுபவர் ஒப்புகை அனுப்பவேண்டும். குறித்த நேரத்திற்குள் ஒப்புகை வராவிடில் பொதி மீண்டும் அனுப்பப்படும். இன்றைய இணையத்தின் அடிப்படை இதுவே.

செய்தி சிதைந்தால்

செய்தி வந்து சேர்ந்தாலும் இடைவழியில் அது சிதைந்திருக்கலாம். 42, 17, 35 என்னும் எண்களை அனுப்புவதாகக் கொள்வோம். அவற்றின் கூட்டுத்தொகையான 94ஐயும் உடன் அனுப்பவேண்டும். மறுமுனையில் 42, 11, 35, 94 என்று வந்தால், முதல் மூன்றையும் கூட்டிப் பார்க்கும் கணினி 88 என்னும் விடையைப் பெறும். இரண்டும் ஒவ்வாமையால் செய்தி பழுதுபட்டது என அறிந்து அதனைத் தள்ளிவிடும். எளிய கூட்டல் எல்லாப் பிழைகளையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே உயிர்காக்கும் அமைப்புகளில் இதனினும் வலிமையான சரிபார்ப்பு முறைகள் கையாளப்படுகின்றன.

செய்தி வராவிட்டால்

மின்னஞ்சல் ஒன்று சில விநாடி தாமதித்தால் எவருக்கும் இழப்பில்லை. தொடர்வண்டியின் நிலை வேறு. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் 20 மீட்டர் கடக்கிறது. ஐந்து விநாடி செய்தி கிடைக்காவிடில், அவ்வண்டி 100 மீட்டர் தொலைவைப் புதிய செய்தி எதுவுமின்றிக் கடந்துவிடும். வேகம் விநாடிக்கு 1 மீட்டர் வீதம் குறைவதாகக் கொண்டால், வண்டி முற்றிலும் நிற்க மேலும் 20 விநாடியும் 200 மீட்டரும் வேண்டும். வண்டிக்குள் நூற்றுக்கணக்கானோர் உள்ளனர்.

அந்நேரத்தில் வண்டிக் கணினி எதனை நம்பவேண்டும்? 'தடை என்று எவரும் கூறவில்லை. ஆகவே பாதை திறந்திருக்கிறது' என்று கருதினால் பேரிடர் நேரும். எனவே பொறியாளர் அதற்கு நேர்மாறான விதியை வகுத்துள்ளனர். 'செல்' என்னும் புதிய அனுமதி வந்துகொண்டே இருந்தால் மட்டுமே வண்டி செல்லும். குறித்த கால எல்லைக்குள் செய்தி வராவிடில், வண்டி தானாகவே தடையிட்டு நிற்கும். கருவி பழுதுபட்டாலும், கம்பி அறுந்தாலும், அலை மறைந்தாலும் விளைவு ஒன்றே: வண்டி நிற்கும். இதுவே பழுதிலும் பாதுகாப்பு என்னும் கோட்பாடு.

நடைமேடையில் நிற்பவர் கண்ணுக்கு இவ்வுரையாடல் புலப்படுவதில்லை. இரு நிலையங்களுக்கிடையே வண்டி சற்று நின்றால் பயணிகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வர். அவ்வாறு நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். வரவேண்டிய செய்திக்காக வண்டி காத்திருப்பதும் அவற்றுள் ஒன்று. அக்காத்திருப்பு, உள்ளே இருப்போர் அனைவரையும் காக்கிறது.

சொற்பொருள்

ஊடகம் – செய்தி செல்லும் வழி
நெறிமுறை – இரு தரப்பினரும் ஏற்ற விதிகள்
பொதி – பிரிக்கப்பட்ட செய்தியின் சிறு பகுதி
ஒப்புகை – பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்கும் மறுமொழி
பணிமனை – வண்டிகளை நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புக.
அ) மெட்ரோவின் கட்டுப்பாட்டு மையம் __________ பணிமனையில் உள்ளது.
ஆ) பொதி வந்து சேர்ந்ததும் பெறுபவர் __________ அனுப்பவேண்டும்.

2. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
அ) தரவுத் தொடர்பின் ஐந்து உறுப்புகள் யாவை?
ஆ) பழைய முறையில் வண்டிகளுக்கிடையே மிகுந்த இடைவெளி விடவேண்டியது ஏன்?

3. சிந்தித்து எழுதுக.
42, 17, 35, 94 என்பதற்கு மாறாக 17, 42, 35, 94 என்று செய்தி வந்தால், கூட்டல் முறை அப்பிழையைக் கண்டுபிடிக்குமா? காரணம் தருக.

4. பிரித்து எழுதுக.
அ) கூட்டுத்தொகை  ஆ) இருப்பிடம்  இ) தொடர்வண்டி

5. வீட்டில் பேசி எழுதுக.
ஊரிலுள்ள உறவினருக்கு அவசரச் செய்தி அனுப்பி, மறுமொழிக்காகக் காத்திருந்த நிகழ்வு ஒன்றை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.