ஹைதராபாத்தில் இருந்துகொண்டு சிறார் கதைப் புத்தகம் போட...

செகந்திராபாத், தார்நாகாவில் மஞ்சி புஸ்தகம் என்ற தெலுங்குச் சிறார் பதிப்பகம் இருக்கிறது. சொந்தமாகக் கதைப் புத்தகம் போட நினைக்கும் ஹைதராபாத் தமிழர்கள் முதலில் அங்கே போய் நிதானமாகப் புரட்டிப் பாருங்கள். மெல்லிய புத்தகங்கள், நடுவில் பின், நிறையப் படம், கைக்கு எட்டும் விலை. பல நூல்கள் தெலுங்கும் ஆங்கிலமும் சேர்ந்தவை. தமிழ் பேசினாலும் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இங்கே அதிகம் என்பதால், நாமும் இருமொழியில் போடுவதே நல்லது என்பேன்.

கதையை எழுதியதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். சொந்தப் பிள்ளை நம் முகத்துக்காகக் கேட்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நெளிகிற இடத்தில் வெட்டுங்கள். கடைசியில் நீதி சொல்லும் பத்தி இருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். நடுப்பின் புத்தகத்தின் பக்கங்கள் நான்கின் மடங்காகவே அமையும். முதல் புத்தகத்துக்கு 16 பக்கம் போதும். வெள்ளைத்தாளை மடித்து டம்மி செய்து, எந்தப் பக்கத்தில் எந்த வரி, எந்தப் படம் என்று குறித்த பிறகு ஓவியரிடம் போங்கள்.

ஓவியரிடம் வாய்ப்பேச்சு கூடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். நாளைக்குச் சிங்கப்பூரில் விற்க ஆசைப்பட்டால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தொகையை அச்சுக்குப் போகும் முன்பே கொடுத்து முடியுங்கள். அட்டையில் உங்கள் பெயரோடு ஓவியர் பெயரும் வரட்டும்.

படம் வரையும் காலத்திலேயே ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு விண்ணப்பித்துவிடலாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாக இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே பதிப்பாளராகவும் விண்ணப்பிக்கலாம்.

அதிகக் கவனம் தேவைப்படுவது அச்சகத்தில்தான். இங்குள்ள அச்சகங்களில் தெலுங்கு படிப்பவர்கள் இருப்பார்கள், தமிழ் படிப்பவர் அநேகமாக இருக்கமாட்டார். கோப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எழுத்துரு மாறி, ‘கொக்கு’வின் கொம்பு ‘க’வுக்கு அந்தப்பக்கம் போய் உட்காரும். அங்கே ஒருவர் கண்ணிலும் அது படாது. ஆகவே எழுத்துகளைக் கோட்டு வடிவமாக (கர்வ்ஸ்) மாற்றிய பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். படங்கள் 300 டிபிஐ, சிஎம்ஒய்கே வண்ணத்தில் இருக்கட்டும். ஓரத்தில் வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். காகிதத்தில் எடுத்த புரூஃபை நேரில் பார்த்து, ஒவ்வொரு ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

முதலில் 100, 200 பிரதி டிஜிட்டலில் போதும். ஆஃப்செட்டில் ஆயிரம் அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும். விற்காதவை கட்டிலுக்கடியில் கிடக்கும். விற்கும்போது அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது.

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பவேண்டியது பதிப்பாளரின் கடமை. இப்போது பதிப்பாளர் நீங்கள்தான்.

விற்பனைக்கு ஹைதராபாத் புத்தகக் கண்காட்சி இருக்கிறது. வழக்கமாக டிசம்பரில், என்டிஆர் ஸ்டேடியத்தில். தனி அரங்கு எடுக்க வசதி இல்லாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒன்றை எடுங்கள். கதையை அங்கேயே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.