கல்லடைப்பு மூலிகைகளும் பெயர் மயக்கமும்

சித்த மருத்துவ நூல்கள் கல்லடைப்பு என வழங்கும் சிறுநீரகக் கல் நோய்க்கு நம் மக்கள் முதலில் நாடும் மூலிகை சிறுபீளை. தரிசு நிலங்களில் வெண்ணிறப் பூக்கதிர்களுடன் நிற்கும் இச்செடி, பொங்கலையொட்டிய காப்புக்கட்டில் ஆவாரம்பூ, வேப்பிலையோடு இடம்பெறுவது. நெருஞ்சில், மாவிலங்கப் பட்டை, வாழைத்தண்டு என்பன அடுத்து வருவன. இந்நோய் பற்றிய ஆராய்ச்சி நமக்கு மட்டும் உரியதன்று. 925இல் மறைந்த மருத்துவ அறிஞர் அர்ராஸீ, சிறுநீரகக் கல்லையும் சிறுநீர்ப்பைக் கல்லையும் பற்றித் தனி நூலே அரபு மொழியில் இயற்றியுள்ளார்.

நாம் மொழி கற்பிப்போர், மருத்துவரல்லர். ஆயினும், மூலிகை பெயரால் அறியப்படுவதாதலின், பெயர் மயங்கின் மருந்தும் மயங்கும் என்பதைச் சொல்லும் கடமை நமக்குண்டு. நெருஞ்சில் என்று கேட்பவருக்குத் தரையில் படரும் சிறுநெருஞ்சிலும் கிடைக்கலாம். நீரிலிட்டுக் கலக்கினால் கொழகொழப்பாகும் யானைநெருஞ்சிலும் கிடைக்கலாம். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள்.

இம்மயக்கம் எத்துணைக் கொடியது என்பதைப் பெல்ஜியம் நாடு கண்டது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலியச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாயினர். 'ஃபாங் ஜி' என முடியும் பெயர்களை உடைய இரு செடிகளுள் ஒன்றுக்கு மாற்றாக, அரிஸ்டலோக்கியா இனத்துச் செடி கலந்துவிட்டதே காரணம். நம் ஆடுதீண்டாப்பாளையும் அவ்வினத்ததே!

செடி சரியானதாயினும் அச்சம் முற்றும் நீங்குவதில்லை. கல் வராமற் காக்க நெருஞ்சில் நீர் பருகிய ஈரானிய இளைஞர் ஒருவர் வலிப்புக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் ஆளான செய்தி 2010இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. வாழைத்தண்டுச் சாற்றில் பொட்டாசியம் உண்டு; சிறுநீரகம் முன்னரே நலிந்தவர்க்கு அது தீங்காகலாம்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும்; அதன் புகழைக் கஷாயம் பெற்றுக்கொள்ளும். வலி நின்றமையால் கல் போயிற்று எனக் கொள்ளலாகாது. அடைபட்ட சிறுநீரகம் ஓசையின்றிக் கெடுவதுமுண்டு. வலியோடு காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ, நோயுற்றவர் கருவுற்றவராயினோ அன்றே மருத்துவமனை செல்லல் வேண்டும். அங்கே, குடித்த கஷாயத்தின் பெயரை நாணி மறைத்தல் கூடாது. பெயர் தெரியாதெனில், மீதமுள்ள செடியையே கொண்டுபோய்க் காட்டுக.