உயர்த்திய ஜீப்பும் உயராத இருசும்

ஐப்பசியில் மழை இறங்கி, பந்தல்குடியிலிருந்து திருச்சுழி வரைக்கும் விரிந்து கிடக்கும் கரிசல் காடுகளெல்லாம் களியாகக் கரைந்து, மல்லிக்கும் உளுந்துக்கும் போட்ட விதை முளைத்ததா இல்லையா என்று பார்ப்பதற்குக்கூடச் சம்சாரி தன் புஞ்சைக்குப் போக முடியாமல் தவிக்கும் அந்தப் பருவத்தில்தான், ஜீப் வைத்திருப்பவர்களிடையே வருஷந்தோறும் தவறாமல் ஒரு பேச்சுக் கிளம்புகிறது: "வண்டிக்கு ஒரு லிஃப்ட் கிட் அடித்துவிட்டால் போதும், எந்தக் காட்டுக்குள்ளும் இறங்கி ஏறலாம்." பெரிய ஊர்க் கடைகளில் வண்டியை உயர்த்தும் அந்தச் சாமான் சித்தமாகக் கிடைக்கிறது, மாட்டிய வண்டியோ பார்வைக்குக் கம்பீரமாக நிற்கிறது. ஆகையால் இந்த நம்பிக்கை வேரூன்றியதில் ஆச்சரியம் இல்லை. அது முழுப் பொய் என்று வாதிப்பது என் நோக்கம் அன்று. அதில் உண்மை எவ்வளவு, பிரமை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

எல்லா நம்பிக்கைகளுக்கும் தாயாக இருப்பது, இரண்டு அங்குல கிட் மாட்டினால் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் தரையிலிருந்து இரண்டு அங்குலம் எழும்பிவிடும் என்பது. ஸ்பிரிங்குக்கு மேலே உள்ளவை எழும்பும். கீழே உள்ளவை இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கு மேல் இதில் சாஸ்திரம் ஒன்றும் இல்லை. பழைய மகிந்திரா மேஜரையோ மாருதி ஜிப்ஸியையோ எடுத்துக்கொண்டால், முன்னும் பின்னும் முழு இருசு, அதாவது இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு. அந்த இருசின் நடுவே பானைபோல் உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்தான் தரைக்கு மிக அருகில் இருக்கும் உறுப்பு. ஸ்பிரிங் பட்டையை மாற்றினாலும், பட்டைக்கு அடியில் கட்டை வைத்து யூ போல்ட்டை நீட்டி முடுக்கினாலும், அந்த ஹவுசிங் ஒரு நூல் அளவுகூட உயராது; கல்லில் முட்டுகிற வண்டி, கிட் மாட்டிய பிறகும் அதே கல்லில் முட்டும். 2020இல் புதிதாக வந்த மகிந்திரா தாரில் முன்புறம் இரு சக்கரமும் தனித்தனியே இயங்கும் அமைப்பு என்பதால் முன் ஹவுசிங் சேஸிஸோடு சேர்ந்து எழும்பும். பின்புறத்தில் இருப்பதோ முழு இருசு, ஆகவே பின் ஹவுசிங் பழைய உயரத்திலேயே நின்றுவிடும்.

நம் பாட்டன்மார் ஓட்டிய கட்டை வண்டியை நினைத்துக்கொண்டால் இந்த விஷயம் விளங்கிவிடும். அந்த வண்டிக்கு ஸ்பிரிங் ஏது? ஆள் மார்பளவுக்கு எழும்பிய சக்கரம் இருந்தது. சக்கரம் உயர்ந்ததால் இருசு உயர்ந்தது. இருசு உயர்ந்ததால் ஓடையிலும் வரப்பிலும் முட்டாமல் போய்வந்தது. மோட்டார் வண்டிக்கும் நியாயம் அதுவேதான். இருசை உயர்த்துவது டயர் ஒன்றே. அதுவும், டயரின் குறுக்களவு எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் இருசுக்குக் கிடைக்கும். பொலேரோவுக்கு வரும் 215/75 ஆர் 15 அளவுள்ள டயரின் குறுக்களவு ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். அதை மாற்றி 235/75 ஆர் 15 போட்டால் 733 ஆகும். முப்பது மில்லிமீட்டர் கூடியதில் இருசுக்குச் சேர்வது பதினைந்து. இதற்கும் ஒரு விலை உண்டு. ஸ்பீடாமீட்டர் 80 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 83க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய சக்கரத்தைச் சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் சிரமம் கூடும்.

அப்படியானால் கிட்டினால் பிரயோஜனமே இல்லையா என்று கேட்டால், உண்டு. வரப்பையோ கண்மாய்க் கரையையோ ஏறிக் கடக்கும்போது முன் பம்பர் மண்ணில் குத்தாது. கரையின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டாது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே களி அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாமல் நிற்கும் சங்கடமும் கொஞ்சம் குறையும். இவை மெய்யான லாபங்கள். ஆனால் கரிசல் களியில் வண்டி சிக்குவதற்கு முக்கியக் காரணம் உயரக் குறைவு அன்று. நீரை உறிஞ்சி உப்பும் களிமண் இது. நனைந்ததும் டயரின் பல்லிடுக்கெல்லாம் நிரம்பி, நல்ல பல்லுள்ள டயரையும் மொழுக்கையாக்கிவிடுகிறது. மொழுக்கையான டயர் எவ்வளவு உயரமான வண்டியில் இருந்தால் என்ன? இங்கே உதவுவது சேற்றுக்கென்று அகன்ற பல் வைத்துச் செய்த டயரும், காற்றைப் பதினெட்டுப் பவுண்டு அளவுக்கு இறக்கித் தரையில் படியும் பரப்பை நீட்டிக்கொள்ளும் யுக்தியும்தான். காற்று இறங்கிய டயரின் பக்கவாட்டைச் சீமைக்கருவேல முள் சுலபமாகக் கிழித்துவிடும் என்பதையும், தார்ச்சாலைக்கு ஏறுமுன் காற்றை மறுபடி நிரப்பியாக வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. இரண்டு நாள் நல்ல வெயில் அடிக்கட்டும் என்று பொறுத்திருப்பது இவற்றைவிட மலிவான உபாயம். ஆனால் ஜீப் வாங்கியவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் பாலைவனத்திலும் சேற்றிலும் ஓடிப் பெயர் வாங்கிய வில்லிஸ் ஜீப்பின் தரை இடைவெளி எட்டே முக்கால் அங்குலம், அதாவது சுமார் 222 மில்லிமீட்டர். இன்றைய தாருக்குக் கம்பெனி கொடுத்திருப்பது 226. அந்த ஜீப் பெயர் வாங்கியது உயரத்தினால் அன்று. எடைக் குறைவினாலும், நான்கு சக்கரமும் இழுத்ததனாலும்.

பட்டை கூட்டினால் வண்டி உயரும், பலமும் ஏறும் என்ற நம்பிக்கைக்கு நம் ஊரில் தனிச் சரித்திரம் உண்டு. பந்தல்குடிப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்குப் பட்டை பார்த்துப் பார்த்துக் கை பழகிய பட்டறைக்காரர்கள், ஜீப்பையும் சின்ன லாரியாகவே பாவிக்கிறார்கள். லாரிக்கு அது சரி. டன் கணக்கில் பாரம் ஏறி அந்தப் பட்டையை அமுக்குகிறது. ஓட்டுபவரும் ஒரு மூட்டை உரமுமாகப் போகிற ஜீப்பில் ஒரு பட்டையைக் கூட்டினால், அது அமுங்காமல் விறைத்து நின்று, ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கி அடிக்கும். தரையைத் தொடாத சக்கரம் இழுப்பதும் இல்லை, பிரேக் பிடிப்பதும் இல்லை. பழைய பட்டையை உலையில் காய்ச்சி வளைவு ஏற்றித் தரும் வழக்கம் இதைவிட மோசம். காய்ச்சியவுடன் எஃகின் பதம் போய்விடுகிறது, ஏற்றிய வளைவு சீக்கிரமே இறங்கிவிடுகிறது, சில சமயம் பட்டையே முறிகிறது. பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டி உயர்த்துவது இன்னொரு வழி. இரண்டு அங்குலம் நீட்டினால் ஓர் அங்குலந்தான் உயரும், அத்துடன் முன் இருசின் சாய்வு மாறி, திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வரும் குணமும் கெடக்கூடும்.

ஸ்பிரிங்கை மாற்றாமல் அதன் மேல் ஒரு வளையம் வைத்து உயர்த்தும் ஸ்பேசரும் அதே ஜாதி. முன்புறம் தனித்தனிச் சக்கரம் உள்ள வண்டியில் ஷாக்கின் தலையில் ஓர் அங்குலக் கட்டை வைத்தால் சக்கரத்தின் அளவில் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் உயரும் என்பதால், மலிவான வித்தை என்று பலர் மயங்குகிறார்கள். உயர்ந்தது நிற்கும் நிலைதானேயொழிய, சக்கரம் மேலும் கீழும் போய்வரும் மொத்தத் தூரம் கூடவில்லை. கீழே இறங்கும் தூரத்திலிருந்து கடன் வாங்கித்தான் இந்த உயரம் வந்தது. பழைய தாரிலும் பழைய ஸ்கார்ப்பியோவிலும் இருந்த டார்ஷன் பாரை முறுக்கி முன்பக்கத்தைத் தூக்கும் இலவச வைத்தியமும் இதே கடன்தான். பள்ளத்தில் இறங்கும் சக்கரம் பாதியிலேயே தட்டி நிற்கும். முன் அச்சின் மூட்டுகள் அளவுக்கு மீறிய கோணத்தில் சுழன்று, அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, அந்த வழியே கரிசல் தூசி உள்ளே புகுந்து, கிரீஸோடு கலந்து அரைக்கத் தொடங்கும். கோடையில் நம் பக்கத்து வண்டிப்பாதையில் எழும் புழுதியைப் பார்த்தவர்களுக்கு அந்த மூட்டின் ஆயுள் எத்தனை நாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"இரண்டு அங்குலம் நல்லதென்றால் நான்கு இன்னும் நல்லது" என்ற தர்க்கந்தான் இவற்றுள் அபாயகரமானது. வண்டி கவிழுமா நிற்குமா என்பதைச் சுமாராக மதிப்பிட எளிய கணக்கு ஒன்று உண்டு. இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். விடை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பத்திரம். அகலம் 1500 மில்லிமீட்டர், மையத்தின் உயரம் 700 என்று வைத்துக்கொண்டால் விடை 1.07. மையத்தை மூன்று அங்குலம், அதாவது சுமார் 76 மில்லிமீட்டர் உயர்த்தினால் 0.97. காகிதத்தில் அற்பமாகத் தோன்றும் இந்த வித்தியாசம், கண்மாய்க் கரையின் பக்கச் சரிவில் குறுக்கே போகும்போது பிரத்தியட்சமாகும். அதைவிடவும் மதுரை-தூத்துக்குடி நான்கு வழிச் சாலையில், நூறில் போகும் வண்டிக்கு முன்னால் ஒரு கிடை ஆடு திடுமெனக் குறுக்கிட, ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பும் அந்தக் கணத்தில் பிரத்தியட்சமாகும். நம்மவர்களின் ஜீப் காட்டுக்குள் ஓடுவது சொற்பம். இந்தச் சாலையில் ஓடுவதே அதிகம்.

தரைப்பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிஃப்ட் செய்த வண்டி வெள்ளத்தில் இறங்கலாம் என்று நினைப்பவர்கள், தண்ணீர் எஞ்சினுக்குள் புகுவதை மட்டுமே அஞ்சுகிறார்கள். புதிய தார் 650 மில்லிமீட்டர் வரை நீரில் இறங்கலாம் என்று கம்பெனி சொல்வது உண்மைதான். ஆனால் அது நிற்கும் நீருக்கான கணக்கு என்றே கொள்ள வேண்டும். ஓடும் நீர் இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை, பெரிய ஜீப் வகைகளையும் சேர்த்து, இழுத்துக்கொண்டு போய்விடும். உயராத இருசின் ஹவுசிங்குக்குள் அதன் மூச்சுக்குழாய் வழியே நீர் புகுந்து எண்ணெயைப் பால்போல் வெளுக்கச் செய்வது தனிக்கதை.

சட்டம் கண்டுகொள்ளாது என்பதும் ஒரு நம்பிக்கை. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதற்கும் மேலாக, விபத்து நேர்ந்தால் அறிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ்காரர் ஆட்சேபம் கிளப்ப நாமே வழிசெய்து கொடுத்தவர்கள் ஆகிறோம்.

இவ்வளவும் கேட்ட பிறகும் கிட் வேண்டும் என்பவர்களைத் தடுக்க நான் விரும்பவில்லை. நியாயமான தேவை உள்ளவர்களும் இருக்கிறார்கள். பத்து வருஷம் ஓடிய வண்டியாக இருந்தால், பழைய ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். கம்பெனி உயரத்துக்குப் புது ஸ்பிரிங் போட்டாலே ஓர் அங்குலம் திரும்பக் கிடைத்துவிடுவதுண்டு. அதுவும் போதாதவர்கள் இரண்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது விவேகம். ஓல்டு மேன் ஈமு போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகளில், வண்டி எப்போதும் சுமக்கும் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அங்குலத்தைச் சொல்வதற்கு முன் எடையைச் சொல்ல வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. உயரத்துக்குத் தக்க நீளமான ஷாக் கிட்டோடு வருகிறதா, அல்லது பழைய ஷாக்கே இழுபட்டுக் கிடக்குமா? சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும்போது பிரேக் ஹோஸ் எட்டுகிறதா? ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி, அதன் மூட்டான கிராஸ் அதிர ஆரம்பித்தால் அதற்கு என்ன பரிகாரம் வைத்திருக்கிறார்? மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட் செய்து, எதிரே வருபவர் கண்ணைப் பறிக்காதபடி ஹெட்லைட்டைத் தாழ்த்தித் தருவாரா? இவற்றுக்கு நேரான பதில் வராத கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வாங்குவதற்கு முன்பே, செய்யப்போகும் மாற்றத்தை எழுதி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, அனுமதி உண்டா இல்லையா என்பதை எழுத்து மூலமாகவே கேட்டு வாங்கிவிடுங்கள்.