இறுகாத பசை

மாதிரி விமானம் செய்யப் புகுவோர் மரத்தைப் பற்றியும் இறக்கையின் வடிவைப் பற்றியும் பலவாறு ஆராய்வர். பசையைப் பற்றி ஆராய்வோர் சிலரே. ஆயினும், கதவிற்கு ஆணியும் இரும்புப் பாலத்திற்குத் தறையாணியும் எவ்வாறோ, அவ்வாறே பால்சா மரத்தாலாய விமானத்திற்குப் பசை. அது பிடித்திருக்குமளவும் விமானம் விமானமாம். அது விட்டவிடத்து வெறும் மரத்துண்டுகளேயாம். ஆதலின், பூசிய பசை இறுகாதொழிந்தால் அதற்குக் காரணம் யாது, செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பவற்றை, எமக்கு நேர்ந்த ஒரு பிழையை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

யாம் சிலர் கூடி, இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 150 செ.மீ. நீளமும், 900 கிராம் எடையுமுள்ள எஞ்சினில்லாக் கிளைடர் ஒன்றைக் கட்டி வந்தோம். இறக்கையின் நீளப்போக்கில் ஓடி அதன் பாரத்தைத் தாங்கும் கட்டையை ஸ்பார் என்பர். ஒரு மாலைப்பொழுதில், இருபுறத்து ஸ்பார்களையும் நடுவில் ஒட்டுப்பலகைத் துண்டு வைத்து, எபாக்ஸிப் பசை பூசி இணைத்துக் கட்டிவைத்தோம். மறுநாட் காலையில், கிண்ணத்தில் எஞ்சிய பசையின் நடுப்பகுதி கல்லாய் இருந்தது. மூட்டிலோ பெருவிரலை அழுத்த ரேகை பதிந்தது. பறக்கவிடக் குறித்த நாளுக்கு இடையில் நான்கு நாட்களே இருந்தன. "மேலே தாளை ஒட்டிவிட்டால் ஒருவர்க்கும் தெரியாது; நாளடைவில் தானே இறுகும்" என்றார் எம்முள் ஒருவர். "ஹார்டனரை மட்டும் மேலே தடவினாற் போதும்" என்றார் மற்றொருவர். இவ்விரண்டில் ஒன்றேனும் பொருந்துமா என்பதே வினா.

பசைகள் இறுகும் வகை

பசைகளெல்லாம் ஒருவகையால் இறுகுவன அல்ல. தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை தன்னிடமுள்ள நீரை இழந்து இறுகும். நீர் வெளியேற வழியில்லாத இரு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே அதனைப் பூசினால், நாட்கணக்காக ஈரமாகவே கிடக்கும். நொடியில் ஒட்டும் சயனோ அக்ரிலேட்டுப் பசையோ இதற்கு மாறானது. காற்றிலும் மரத்திலுமுள்ள சிறிதளவு ஈரமே அதனை இறுகத் தூண்டும். இடைவெளி மிக்க மூட்டில் தடிப்பாக ஊற்றினால் உட்புறம் நெடுநேரம் திரவமாகவே நிற்கும். முன்னதற்கு வேண்டுவது காற்று; பின்னதற்கு வேண்டுவது நெருங்கப் பொருந்திய மூட்டு.

எபாக்ஸியின் இயல்பு இவ்விரண்டினும் வேறு. அதில் உலர்வதற்கு ஒன்றுமில்லை. ரெசின், ஹார்டனர் என்னும் இரண்டும் கலந்து, ஒன்றன் மூலக்கூறு மற்றொன்றன் மூலக்கூற்றைப் பற்றி, அவ்விணைப்புகள் வலைபோற் பின்னி இறுகுகின்றன. ஹார்டனர் வெறும் தூண்டுகோல் அன்று. அவ்வலையின் ஒரு பாதி அதுவே. ஆதலின், ரெசின் மிகுந்தால் துணையில்லா ரெசின் நிற்கும். ஹார்டனர் மிகுந்தால் துணையில்லா ஹார்டனர் நிற்கும். இரண்டும் பிசுபிசுப்பே. "சிறிது கூடுதலாக ஊற்றினால் விரைவில் இறுகும்" என்னும் எண்ணம் தவறென்பது இதனால் விளங்கும்.

காரணம் காணல்

இறுகாத மூட்டைக் கண்டவுடன் கத்தியை எடுத்தல் கூடாது. முதலில் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது: பிசுபிசுப்பு மேற்பரப்பில் மட்டுமா, உள்ளும் உண்டா? மழைக்காலத்தில் காற்றின் ஈரமும் கரிவாயுவும் ஹார்டனரோடு கூடி, பசையின்மேல் மெழுகுபோன்ற ஆடையொன்றைப் படியச் செய்வதுண்டு. இதன் கீழுள்ள பசை உறுதியாகவே இருக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதும்.

இரண்டாவது: குளிர் காரணமா? வெப்பம் 10 பாகை குறைந்தால் இறுகும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அளவும் கலப்பும் சரியாயிருந்தால், மூட்டை 40 பாகை சென்டிகிரேடு அளவான இளஞ்சூட்டில் சில மணிநேரம் வைத்தால் இறுகிவிடும்.

மூன்றாவது: அளவிலோ கலப்பிலோ பிழையா? அவ்வாறாயின், எத்தனை நாள் காத்திருப்பினும், எத்துணைச் சூடு கொடுப்பினும் பயனில்லை.

யாம் இரண்டு நாள் இளஞ்சூட்டில் வைத்துக் காத்திருந்தோம். மூட்டு இறுகவில்லை. பின்னரே கிண்ணத்தை ஊன்றி நோக்கினோம். நடுவே கல்லாயிருந்த பசை, கிண்ணத்தின் சுவரையொட்டி வளையம்போற் பிசுபிசுத்து நின்றது. காரணம் அப்பொழுது விளங்கிற்று. கலக்கும் குச்சி சுவரோரத்தைத் தொடவில்லை. அங்கே கலவாத ரெசின் நின்றது. பசை வீணாகலாகாதென்று சுவரை வழித்தெடுத்து, இறுதியில் மூட்டிற்கே பூசியிருந்தோம். கிண்ணத்து நடுப்பகுதியின் உறுதி எம்மை ஏமாற்றிற்று.

மேலே தடவும் ஹார்டனர் மூட்டினுள் நுழைந்து கலவாது. நுழையாத இடத்தில் ரெசினும், தடவிய இடத்தில் ஹார்டனரும் துணையின்றி நிற்கும். தாளை ஒட்டி மறைப்பதோ பிழையைத் தீர்ப்பதன்று. பார்வைக்கு அப்பால் வைப்பதே.

மறைத்தால் வருவது

மூட்டின்மேல் விழும் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கிளைடர் பாய்ந்திறங்கி மேலெழும்போது இறக்கை தாங்கும் பாரம் எடையின் ஐந்து மடங்காகலாம், அஃதாவது 4.5 கிலோ. ஒருபுறத்திற்கு 2.25 கிலோ. அது நடுவிலிருந்து 35 செ.மீ. தொலைவில் தாக்குவதாகக் கொண்டால், 2 செ.மீ. உயரமுள்ள ஸ்பாரின் மேல்விளிம்பை அமுக்கும் விசையும் கீழ்விளிம்பை இழுக்கும் விசையும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 கிலோவாம். கையில் எடுத்தால் இலேசாகத் தோன்றும் விமானத்தின் நடுமூட்டில், பள்ளிச் சிறுவன் ஒருவனின் எடை தொங்குகின்றது.

பெரிய விமானங்களிலும் இவ்வுண்மை வெளிப்பட்டதுண்டு. 1944ஆம் ஆண்டில் ஜெர்மனியில், ஏறத்தாழ 90 நாட்களில் வரைந்து கட்டப்பட்டது ஹைங்கெல் 162 என்னும் ஜெட் விமானம். அதன் இறக்கை மரத்தாலாயது. மரப்பகுதிகளுக்குரிய சிறந்த பசைத்தாளைச் செய்துவந்த வுப்பர்தால் நகரத்துத் தொழிற்சாலை 1943இல் குண்டுவீச்சால் அழிந்தமையின், வேறு பசை கொள்ளப்பட்டது. 1944 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முறை பறந்தபோது, சக்கரத்தை மூடும் மரக்கதவொன்று பசைக்குறையால் கழன்று போயிற்று. அவ்வெச்சரிக்கை கொள்ளப்படவில்லை. நான்கு நாட்கள் கழித்து, 10ஆம் நாள், அதிகாரிகள் கண்முன்னே அவ்விமானம் மீண்டும் பறந்தது. இறக்கையில் பசை விட்டுப்போக, விமானம் புரண்டு விழுந்தது. ஓட்டியவர் கோட்ஹோல்ட் பீட்டர் உயிர்நீத்தார். கதவு கழன்ற நாளிலேயே மூட்டுகளையெல்லாம் திறந்து பார்த்திருக்கலாமன்றோ?

பரிகாரம்

எனவே மூட்டைப் பிரித்தோம். இறுகாத பசையை மழுங்கிய தகட்டால் வழித்தெடுத்தோம். எஞ்சியதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரே திசையில், ஒவ்வொரு முறையும் துணியின் புதுப்பக்கம் படுமாறு துடைத்தோம். முன்னும் பின்னும் தேய்த்தால் பசை அகலாது, பரவவே செய்யும். அசிட்டோனும் இதற்கு உதவும். ஆனால் தெர்மக்கோலாலாய பகுதியை அது நொடியிற் கரைத்துவிடும். இரண்டும் எளிதில் தீப்பற்றுவனவாதலின், காற்றோட்டமான இடமும், அருகில் நெருப்பில்லாமையும் வேண்டும். இறுகாத எபாக்ஸி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கையுறை அணிதல் கட்டாயம். கையிற் பட்டதைச் சோப்பினாற் கழுவுக, கரைப்பானாற் கழுவற்க.

ஒட்டுப்பலகையைச் சுத்தம் செய்தல் எளிதாயிற்று. பால்சா அவ்வாறன்று, அதன் துளைகளுக்குள் ஊறிய ரெசின் துடைப்பால் வெளிவரவில்லை. அதன்மேல் புதிய பசை பூசினால் மேலே இறுகும்; அடியிலோ வழுவழுப்பு நிற்கும். பாரந்தாங்காத மூலைமுடுக்குகளில் அது போதுமாயினும் ஸ்பாருக்குப் போதாது. ஆகவே ஊறிய பகுதியைச் சாய்வாக வெட்டியெறிந்து, அதே சாய்வில் செதுக்கிய புதிய மரத்தைப் பொருத்தினோம். சாய்வின் நீளம் கட்டையின் தடிப்பைப்போல் எட்டு மடங்கு. நேராக வெட்டி ஒட்டுவதினும் சாய்வாக ஒட்டுவதில் பசை பற்றும் பரப்பு மிகுதி.

இம்முறை ரெசினையும் ஹார்டனரையும் புட்டியிற் குறித்தபடி தராசில் நிறுத்தோம். சில புட்டிகளில் கன அளவின் விகிதமும் எடையின் விகிதமும் வேறு வேறாயிருக்கும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் பிழை. சுவரையும் அடியையும் வழித்து வழித்து மூன்று நிமிடம் கலக்கி, கலவையை வேறொரு புதிய கிண்ணத்தில் ஊற்றி மீண்டும் கலக்கினோம். பழைய கிண்ணத்தின் சுவரில் ஒட்டியதை அங்கேயே விட்டோம். அக்கலவையாலேயே கழிவு மரத்துண்டுகள் இரண்டையும் ஒட்டி வைத்தோம். மறுநாள் அவற்றை வளைத்து முறித்தபோது, பசை விடவில்லை, மரமே முறிந்தது. பின்னர், நடுவிலிருந்து இருபுறமும் 35 செ.மீ. தொலைவில் இறக்கையைச் செங்கற்களின்மேல் தாங்கவைத்து, நடுவில் 4.5 கிலோ மணற்பை தொங்கவிட்டோம். மூட்டு அசையவில்லை.

குறித்த நாளில் எமது கிளைடர் பறக்கவில்லை. ஒரு வாரம் கழித்தே பறந்தது. தாமதத்தின் காரணத்தைக் கேட்டோர்க்கெல்லாம் உள்ளதையே உரைத்தோம். அன்றுமுதல், எந்த மூட்டை ஒட்டினாலும் அதே பசையால் ஒட்டிய இரு மரத்துண்டுகளை, நாளைக் குறித்து, உடன் வைப்பது எமக்கு வழக்கமாயிற்று. அத்துண்டுகளை முறித்துப் பாராமல் இறக்கையின்மேல் தாளை ஒட்டுவதில்லை. இத்தொழிலிற் புகும் மாணவர்களும் இவ்வொரு வழக்கத்தைக் கைக்கொள்வார்களாயின், எம்முடைய பிழை வீணாகாது.