மகளுக்கு எந்தக் கல்லூரி? சேர்ப்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்



குழுக் கூட்டங்களில் நாம் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசுகிறோம். மே மாதம் வந்துவிட்டால் இன்னொரு பேச்சும் வந்துவிடும். "பிளஸ் டூ முடிச்சுட்டா. இனி என்ன செய்யலாம்?" இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

ஒரு சேலை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். சாயம் போகுமா, கரை நிற்குமா என்று பார்க்கிறோம். ஆனால் மூன்று வருடம் பிள்ளை படிக்கப் போகிற கல்லூரியை "பக்கத்து வீட்டுப் பிள்ளை அங்கதான் படிக்கா" என்று ஒரே நாளில் முடிவு செய்துவிடுகிறோம். அல்லது "பொம்பளப் பிள்ளைக்கு இது போதும்" என்று நிறுத்திவிடுகிறோம். இரண்டுமே யோசிக்காமல் எடுக்கிற முடிவுதான்.

ஏன் படிக்க வைக்க வேண்டும்?

நம் கரையின் கதையையே எடுத்துக்கொள்வோம். முத்துக்குளித்துறை என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய கடல் இது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்துக்குளித்த குடும்பங்கள் சங்கு குளிக்கவும், வள்ளம், விசைப்படகு என்று மீன்பிடிக்கவும், துறைமுக வேலைக்கும் போனார்கள். 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதில் பல வேலைகளுக்குப் படித்தவர்கள்தான் தேவைப்பட்டார்கள். ஒரு தலைமுறையில் இருந்த தொழில் அடுத்த தலைமுறைக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. உப்பளத்தில் வெயிலில் நின்று கண் கூசி, காலில் புண் வந்து உழைக்கிற நாம், மகளும் அதே பாத்தியில்தான் நிற்க வேண்டும் என்று நினைப்பதில்லை.

நம்மைச் சுற்றி என்ன கல்லூரிகள்?

பெண்களுக்கென்றே தூத்துக்குடியில் 1948-ல் தொடங்கியது தூய மரியன்னை கல்லூரி. தூத்துக்குடி மறைமாவட்டத்தின் முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை இதைத் தொடங்கினார். வ.உ.சிதம்பரம் கல்லூரி 1951-லும், காமராஜ் கல்லூரி 1966-லும், பெண்களுக்கான ஏ.பி.சி. மகாலட்சுமி கல்லூரி 1974-லும் வந்தன. திருச்செந்தூரில் ஆதித்தனார் கல்லூரியும், பெண்களுக்கான கோவிந்தம்மாள் ஆதித்தனார் கல்லூரியும் இருக்கின்றன. மீன்வளக் கல்லூரி 1977-ல் தூத்துக்குடியில் தொடங்கியது. அரசு மருத்துவக் கல்லூரி 2000-த்தில் வந்தது.

நம் பாட்டிமார் காலத்தில் பட்டப் படிப்புக்கு ஊரைவிட்டுத் தூரமாகப் போக வேண்டியிருந்தது. இப்போது கதவு பக்கத்திலேயே இருக்கிறது. எந்தக் கதவு நம் பிள்ளைக்குப் பொருத்தம் என்பதே கேள்வி.

முதல் பகுதி: படிப்பைப் பற்றிக் கேட்க வேண்டியவை

1. அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? இது மிக முக்கியம். ஒரே கல்லூரி, ஒரே வாசல், ஆனால் உள்ளே இரண்டு கட்டணம் இருக்கும். உதவி பெறும் பிரிவில் ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு தருகிறது, அதனால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் மாணவிகள் கட்டுகிற பணத்தில்தான் எல்லாம் நடக்கிறது, அதனால் கட்டணம் கூடுதல். "அந்தக் கல்லூரியில் பீஸ் கம்மின்னு சொன்னாங்களே" என்று போய் நின்று திகைக்க வேண்டாம். எந்தப் பாடம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள்.

2. தன்னாட்சிக் கல்லூரியா? தன்னாட்சி என்றால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். நம் பகுதிக் கலைக் கல்லூரிகளுக்கு அது 1990-ல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். தன்னாட்சி இல்லாத கல்லூரியில் பல்கலைக்கழகமே தேர்வு நடத்தும்.

3. நாக் தரச்சான்று உண்டா? கல்லூரிகளைச் சோதித்துத் தரம் சொல்ல 1994-ல் ஏற்படுத்திய அமைப்பு நாக். அது பல ஆண்டுகளாக ஏ, பி, சி என்று தரம் கொடுத்து வந்திருக்கிறது. எந்த வருடம் வாங்கிய தரம் என்றும் கேளுங்கள். இது ஒரு அடையாளம்தான், முழு உண்மை ஆகாது. விளம்பரப் பலகையைவிட இது மேல்.

4. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு என்ன உதவி? பள்ளியில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷில் நடக்கும்போது முதல் செமஸ்டரில் திணறும். "எனக்கு மண்டையில ஏறலம்மா" என்று அழும். அது அவள் அறிவுக் குறைவு இல்லை, மொழிப் பழக்கம்தான் காரணம். தொடக்கத்தில் தனி வகுப்பு நடத்துகிறார்களா, தேர்வைத் தமிழில் எழுதலாமா என்று கேட்டுவையுங்கள். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலும் மறுபடி எழுதித் தேறலாம். அதற்காகப் பிள்ளையை நிறுத்திவிடக் கூடாது.

5. படித்தபின் என்ன? போன வருடம் இந்தப் பாடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று துறை ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை உண்டு.

இரண்டாம் பகுதி: கல்லூரி வாழ்க்கையைப் பற்றிக் கேட்க வேண்டியவை

பாடம் மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்திருக்கிறோம். பிள்ளை அங்கே மூன்று வருடம் வாழப் போகிறாள். பஸ், கழிப்பறை, சாப்பாடு, தோழிகள் எல்லாம் சேர்ந்ததுதான் கல்லூரி.

பஸ்: வேம்பார், தருவைக்குளம், பழையகாயல், புன்னக்காயல், மணப்பாடு என்று எந்த ஊராக இருந்தாலும், காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு, மாலையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதிவையுங்கள். 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கானது. உங்கள் ஊர் பஸ் அந்த வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாணவர் பஸ் பாஸ் விவரம் கேளுங்கள்.

விடுதி: கல்லூரி விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத்துறைகள் நடத்தும் அரசு விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். சேர்வதற்கு முன் ஒரு முறை போய், சமையலறையையும் குளியலறையையும் கண்ணால் பாருங்கள். இரவில் உடம்பு முடியாமல் போனால் யார் கூட்டிப் போவார்கள் என்று கேளுங்கள்.

பாதுகாப்பு: தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2009-ல் கடுமையான விதிகள் கொண்டுவந்தது. ராகிங் நடந்தால் 1800-180-5522 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். பாலியல் தொந்தரவுப் புகாரை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் யார் இருக்கிறார்கள், எப்படி அணுகுவது என்று மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வீட்டில் வந்து சொன்னால் "நாளையிலேர்ந்து காலேஜுக்குப் போகாத" என்று சொல்ல மாட்டோம் என்ற நம்பிக்கை அவளுக்கு வேண்டும். அந்தப் பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

மற்றவை: நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., விளையாட்டு, நூலகம் இவையும் படிப்புதான். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசப் பழகுவது அங்கேதான். நாம் குழுவில் சேர்ந்து அப்படித்தானே பேசப் பழகினோம்!

சின்னக் கல்லூரியா, பெரிய கல்லூரியா?

இரண்டிலும் நல்லதும் உண்டு, குறையும் உண்டு. சின்னக் கல்லூரியில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் முகமும் தெரியும். இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் வரும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை அங்கே மலரும். ஆனால் பாடப்பிரிவுகள் குறைவாக இருக்கும், ஆய்வகமும் நூலகமும் சிறியதாக இருக்கலாம். பெரிய கல்லூரியில் வசதியும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் கூட்டத்தில் ஒதுங்கி நிற்கிற பிள்ளையை யாரும் கவனிக்காமல் போகலாம். நம் பிள்ளை எப்படிப்பட்டவள் என்று பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும், ஊர் எதைப் பெருமையாகச் சொல்கிறது என்று பார்த்து அல்ல.

மூன்றாம் பகுதி: பணம்

நம் கரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. சேர்க்கையும் முதல் கட்டணமும் மே, ஜூன் மாதங்களில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வீட்டில் வரவு இருக்காது. உப்பளக் குடும்பத்துக்கோ அந்த மாதங்களில் வேலை உண்டு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் மூடிக் கிடக்கும்போது இரண்டாம் செமஸ்டர் பணம் வந்து நிற்கும். பணம் இல்லாத மாதமும் பணம் கேட்கிற மாதமும் ஒன்றாக வருவதால்தான் கந்துவட்டிக்குப் போகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சேர்க்கைச் செலவு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாதம் 750 ரூபாய் வட்டி. ஒரு வருடத்தில் வட்டி மட்டும் 9,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். அதே 15,000-ஐக் குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டிக்கு வாங்கி, மாதம் 1,500 வீதம் முதலைக் கட்டிவந்தால், வட்டி குறைந்துகொண்டே வந்து, 10 மாதத்தில் மொத்த வட்டி 825 ரூபாய்தான். இன்னும் நல்லது, பிள்ளை பிளஸ் டூ சேர்ந்த நாளிலிருந்து வாரம் 300 ரூபாய் தனியாக ஒதுக்குவது. 50 வாரத்தில் 15,000 ரூபாய் கையில் இருக்கும், வட்டியே இல்லை.

அரசு உதவிகள்

முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி கொடுத்தார்கள். 2022-ல் அதை உயர்கல்வி உதவியாக மாற்றினார்கள். அதுதான் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, மேற்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும் என்பது திட்டம். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இதை நீட்டித்த விழா 2024 டிசம்பர் 30-ல் நம் தூத்துக்குடியில்தான் நடந்தது. கல்யாணத்துக்கு என்று இருந்த பணம் படிப்புக்கு என்று ஆனதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் 2021-ல் சட்டமானது. மீன்வளக் கல்லூரியில் மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. கடலை அறிந்த நம் பிள்ளைகள் அந்தப் படிப்பைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் தேவையில்லை, பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடத் தொகையும் விதியும் என்ன என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018-ல் சொல்லியிருக்கிறது. சரிபார்த்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.

கூட்டத்தில் வரும் பேச்சு

"மதினி, பிள்ளைய டவுனுக்கு அனுப்பிட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டா இருக்க முடியும்? நல்ல இடம் வந்தா கட்டிக் குடுத்துர வேண்டியதுதான்."

"நெருப்பு எல்லாருக்கும்தான் இருக்கு. கட்டிக் குடுத்த பிறகு அவ புருசனுக்குத் தொழில் இல்லாமப் போனா, அந்த நெருப்ப யாரு அணைப்பா? கையில ஒரு படிப்பு இருந்தா அவளே அணைச்சுக்குவா."

இந்தப் பேச்சு எல்லா ஊரிலும் நடக்கிறது. பயப்படுகிற தாயைக் கேலி செய்ய வேண்டாம். அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. பஸ் நேரம் தெரிந்தால், விடுதியைப் பார்த்தால், அதே கல்லூரியில் படிக்கும் ஊர்ப் பிள்ளையிடம் பேசினால் அந்தப் பயம் பாதி குறையும். மீதிக்கு நாம் துணை நிற்போம்.

கடைசியாக, மகளிடம் கேளுங்கள். "உனக்கு என்ன படிக்க ஆசை?" என்ற கேள்வியைப் பல வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை. அவள் விரும்பாத பாடத்தில் சேர்த்துவிட்டு, படிக்கவில்லை என்று திட்டுவதில் பயன் இல்லை.

இந்த மாதம் குழுவில் செய்ய வேண்டியவை

• நம் குழுவில் யார் வீட்டில் 11, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள்? பட்டியல் எடுங்கள்.
• பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகள் யார்? என்ன காரணத்தால் நின்றார்கள்?
• கல்விக்கென்று தனிச் சேமிப்பு தொடங்கலாமா? வாரம் எவ்வளவு?
• தடைக்காலத்திலும் மழைக்காலத்திலும் உள்கடனில் கல்விக்கு முதலிடம் என்று தீர்மானம் போடலாமா?
• இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு நாள் இரண்டு கல்லூரிகளைப் போய்ப் பார்த்து வாருங்கள். பார்த்ததை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

தீர்மானத்தைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கும் தெரிவியுங்கள். ஒரு தாய் தனியாகப் போய்க் கேட்டால் தயக்கம் இருக்கும். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் பதில் கிடைக்கும்.