காய்ச்சலும் தடிப்பும் வந்தாலே அம்மையா?

கவாசாகி நோய் என்பது குழந்தைகளின் நடுத்தர ரத்தக்குழாய்களில் ஏற்படும் அழற்சி. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். ஆண் குழந்தைகளுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் வருகிறது. டோக்கியோவில் தொமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் 1961இல் இதை முதன்முதலில் கவனித்தார். 1967இல் 50 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டார்.

திருவண்ணாமலையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் இந்த நோய்க்குத் துணைபோகும் நம்பிக்கை ஒன்று உண்டு. காய்ச்சலோடு தடிப்பு வந்தால் அது அம்மை. அம்மைக்கு மருந்து கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது. எத்தனை முறை மறுத்தாலும் இது ஓய்வதில்லை.

ஓயாததற்குக் காரணம் நோயின் போக்கே. சிகிச்சை இல்லாவிட்டாலும் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக இறங்கும். தடிப்பு மறையும். விரல் நுனிகளில் தோல் உரியும். “அம்மா இறங்கிட்டா” என்று வீட்டார் நிம்மதி அடைவது அப்போதுதான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கொரோனரி தமனிகள் புடைத்து வருவதும் அதே நாட்களில்தான். சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இப்படி ஆகிறது. புடைத்த இடத்தில் ரத்தம் உறைந்தால் பால்குடி மறவாத குழந்தைக்கும் மாரடைப்பு வரும்.

வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரிபவை. சின்னம்மையில் நீர்க்கொப்புளம் இருக்கும், கவாசாகியில் இருக்காது. தட்டம்மையில் இருமலும் சளியும் முந்தி வரும், கண்ணில் நீர் வடியும். கவாசாகியில் கண் சிவந்தாலும் பீளை கட்டாது; உதடு சிவந்து வெடிக்கும், நாக்கு செக்கச்செவேலென்று சொரசொரக்கும், கைகால் வீங்கும், கழுத்தில் நெறி கட்டும். பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசித் தழும்பு திடீரென்று சிவந்து தடிப்பதும் முக்கியமான தடயம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இவற்றில் பாதிகூடத் தெரியாமல் போகலாம். ஐந்து நாள் விடாத காய்ச்சல் ஒன்றே மருத்துவரிடம் ஓடப் போதுமான காரணம். வாசலில் வேப்பிலை கட்டட்டும், கூழ் ஊற்றட்டும்; குழந்தையை வீட்டிலேயே கிடத்தி வைக்க எந்த நியாயமும் இல்லை. பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றினால் தமனி புடைக்கும் ஆபத்து நூற்றுக்கு நான்கைந்தாகக் குறைகிறது.

மற்ற நம்பிக்கைகள் அவ்வளவு வலுவானவை அல்ல. இது ஜப்பானியருக்கு மட்டும் வரும் நோய் என்பது தவறு. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 300க்கும் மேற்பட்டோருக்கு வருவது உண்மைதான். ஆனால் உலகம் முழுவதும் இந்த நோய் இருக்கிறது. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மரபுவாகு உள்ள குழந்தைகளிடம் ஏதோ ஒரு தொற்று இதைத் தூண்டுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்; நோயுற்ற குழந்தையிடமிருந்து அடுத்த குழந்தைக்குப் பரவுவதாகத் தெரியவில்லை. கொரோனாவோடு வந்த புதுநோய் என்பதும் பொய். 2020இல் சென்னை மருத்துவமனைகளில் காணப்பட்ட, கொரோனாவுக்குப் பிந்தைய அழற்சி இதன் சாயல் கொண்ட வேறொரு நோய்.

இந்தியாவில் நோய் அரிது என்ற எண்ணத்துக்கு அடிப்படை, யாரும் எண்ணாததுதான். சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் எண்ணிப் பார்த்தது. 15 வயதுக்குட்பட்ட லட்சம் குழந்தைகளில் 1994இல் 0.51 ஆக இருந்த விகிதம் 2007இல் 4.54 ஆனது. நோய் பெருகியதைவிட, மருத்துவர்களின் கண் பழகியதே இதற்குக் காரணமாக இருக்கக்கூடும். ஜப்பான் 1970 முதல் நாடு முழுவதும் கணக்கெடுக்கிறது. தமிழ்நாட்டிலும் மாவட்டந்தோறும் ஒரு பதிவேடு வேண்டும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில், ஐந்து நாளைத் தாண்டிய ஒவ்வொரு குழந்தைக் காய்ச்சலும் அதில் ஏற வேண்டும். கவாசாகி சந்தேகம் எழுந்தால் இதயத்தின் எக்கோ பரிசோதனை முடிவும் இம்யூனோகுளோபுலின் ஏற்றிய நாளும் பக்கத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.